ஒரே டாலர், ஒரே நாள், இரண்டு விலை

வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்ட மறுநாளே பலருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிடுகிறது. காலையில் எழுந்ததும் கைப்பேசியில் டாலர் விலை பார்ப்பது. நேற்று 90.10, இன்று 89.85. இறங்குகிறது, இன்னும் இரண்டு நாள் பொறுப்போம் என்று தள்ளிப்போடுவார்கள். பொறுத்துப் பொறுத்து, கிளம்புகிற இரவு பெட்டியோடு விமான நிலையக் கவுண்டரில் நின்று, கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவார்கள். பத்து நாள் பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்ததெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஒரு குடும்பத்துக்குக் கையில் 1,000 சிங்கப்பூர் டாலர் வேண்டும். அன்றைய சந்தை விலை 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் நல்ல கடையில் 70.80-க்குக் கொடுப்பார்கள். விமான நிலையத்தில் 75 சொல்வார்கள். வித்தியாசம் 4,200 ரூபாய். இதே குடும்பம் ஒரு வாரம் காத்திருந்து, அதிர்ஷ்டவசமாக விலை ஒரு சதவீதம் இறங்கியிருந்தால் மிச்சம் 700 ரூபாய். ஒரு சதவீதம் ஏறியிருந்தால் அதே 700 நஷ்டம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊரில் நீங்கள் போகும் நாளில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எந்த நாளில் வாங்குவது என்பது சில்லறைக் கேள்வி. எந்த இடத்தில் வாங்குவது, அதற்கும் முன்னால் எந்த நாட்டுப் பணத்தை வாங்குவது என்பவைதான் ஆயிரக்கணக்கில் முடிகிற கேள்விகள்.

கைப்பேசி காட்டுவது யாருக்கான விலை?

கூகுளில் தெரிகிற விலைக்கு உங்களுக்கும் எனக்கும் யாரும் டாலர் தரமாட்டார்கள். வங்கிகள் தங்களுக்குள் லட்சக்கணக்கான டாலரை விற்று வாங்கும்போது நிலவுகிற விலையின் நடுப்புள்ளி அது. அங்கே கை மாறுவது கணினியில் இருக்கும் எண் மட்டும். தாள் எதுவும் நகர்வதில்லை. நமக்கு வேண்டியது தாள்.

வங்கிக் கிளையில் விலைப்பட்டியல் கேட்டுப் பாருங்கள். ஒரே டாலருக்கு நாலைந்து விலை போட்டிருக்கும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஒன்று, அங்கிருந்து வந்த பணத்துக்கு ஒன்று, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகிற ஃபாரெக்ஸ் கார்டுக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று. விற்கும் விலைகளில் பெரும்பாலும் தாளுக்குத்தான் அதிகம். காரணம், தாள் என்பது சரக்கு. அதை வரவழைக்க வேண்டும், காப்பீடு செய்ய வேண்டும், பெட்டகத்தில் பூட்டிவைக்க வேண்டும், கள்ள நோட்டா என்று பார்க்க வேண்டும், விற்காமல் தேங்கினால் முடங்கிய பணத்துக்கு வட்டியும் போகும். அந்தச் செலவெல்லாம் விலையில்தான் ஏறும்.

இந்தச் சரக்குக் கணக்கைப் புரிந்துகொண்டால், ஒரே கடையில் சிங்கப்பூர் டாலர் நியாயமான விலையிலும் வியட்நாம் டாங் அநியாய விலையிலும் இருப்பது ஏன் என்பதும் புரிந்துவிடும். திருச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் அங்கிருந்து தினமும் விமானம் போகிறது, வருகிறது. போகிறவர்கள் வெள்ளி (சிங்கப்பூர் டாலரைத்தான் அப்படிச் சொல்கிறோம்) வாங்குகிறார்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவந்த வெள்ளியை மாற்றுகிறார்கள். காலையில் ஒருவரிடம் வாங்கிய தாளைக் கடைக்காரர் மதியமே இன்னொருவருக்கு விற்றுவிடலாம். வெளியிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை, பெட்டகத்தில் தூங்கவும் தூங்காது. அதனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறைவாக வைத்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். பக்கத்துக் கடையிலும் அதே சரக்கு இருப்பதால் ஏற்றிச் சொல்லவும் முடியாது. அமெரிக்க டாலர், யூரோ, பவுண்டு, திர்ஹாம், சிங்கப்பூர் டாலர், மலேசிய ரிங்கிட் எல்லாம் தமிழ்நாட்டில் இந்த வகை.

டாங் அப்படி இல்லை. வியட்நாமுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் டாங்கைச் சம்பாதித்து ஊருக்குக் கொண்டுவருகிறவர்கள் இங்கே யாரும் இல்லை. போகிற வழி மட்டும் உண்டு, வருகிற வழி கிடையாது. கடைக்காரர் எங்கிருந்தோ வரவழைத்து வைத்து, கேட்டு வருகிற ஓரிருவருக்கு விற்க வேண்டும். இந்தோனேசிய ருப்பியாவுக்கும் ஏறத்தாழ இதே கதை.

இடைவெளியைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கடைக்குப் போன் செய்து, 'ஆயிரம் வெள்ளி வேணும், என்ன ரேட்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'என்கிட்ட வெள்ளி இருந்தா என்ன ரேட்டுக்கு எடுப்பீங்க?' என்றும் கேளுங்கள். விற்பது 70.80, எடுப்பது 69.20 என்றால் நடுவிலை 70, கடைக்காரரின் லாபம் பக்கத்துக்கு 80 பைசா. ஆரோக்கியமான கடை. விற்பது 75, எடுப்பது 64 என்றால் போனை வைத்துவிடலாம். 'கமிஷன் கிடையாது' என்று எழுதிப் போட்டிருக்கும் பலகையை நான் எங்கேயும் பொருட்படுத்துவதில்லை. கமிஷன் வாங்காதவர் விலையில் வாங்கிவிடுவார். கடை நடத்துகிறவருக்கு வாடகை உண்டு அல்லவா?

ஊருக்குள் எங்கே?

வங்கியா, கடையா என்று கேட்டால் தாளுக்குக் கடை என்பதுதான் என் பதில். வங்கிகள் தாள் வியாபாரத்தில் ஆர்வம் காட்டுவது குறைவு. பல கிளைகளில் கையிருப்பே இருக்காது, முன்கூட்டியே சொல்லிவைத்து இரண்டு நாள் கழித்துப் போக வேண்டும். விலையும் பேசி இறக்க முடியாதது. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற பணமாற்றுக் கடைகளில் பேரம் பேசலாம், பேச வேண்டும். மூன்று கடைகளுக்குப் போன் போட்டு, ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் சொன்னாலே இருபது முப்பது பைசா இறங்கும். தொகை பெரிதானால் இன்னும் இறங்கும். நாலு பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் நாலு பேருக்கும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்குவதாகச் சொல்லிப் பேசுங்கள். பில் அவரவர் பெயரில்தான் போடுவார்கள், விலை மொத்தத்துக்குப் பேசியதாக இருக்கும்.

பாஸ்போர்ட், பான் அட்டை, டிக்கெட், விசா வேண்டிய நாடு என்றால் விசா, இவற்றின் நகல் கேட்பார்கள். 50,000 ரூபாய்க்குக் குறைவென்றால் ரொக்கமாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் வங்கிக் கணக்கு வழியாகத்தான் கட்ட வேண்டும். ஒரு பயணத்துக்குத் தாளாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை எடுத்துக்கொள்ளலாம், மீதி வேண்டுமென்றால் கார்டில். ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கும் சில நாடுகளுக்கும் இந்த உச்சவரம்பில் விலக்கு உண்டு. ஜிஎஸ்டி தனியாக வரும், ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து அதன்மேல் 18 சதவீதம். அந்த மதிப்பு குறைந்தது 250 ரூபாய். நம் குடும்பத்தின் 70,800 ரூபாய்க்கு வரி 127 ரூபாய்தான் வரும். நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுப் பணம் வாங்கினால் முன்கூட்டியே பிடிக்கும் வரி ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரல் வரை அந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. ஒரு வாரச் சுற்றுலா போகிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

'பில் இல்லாமல் வாங்கினால் இன்னும் ஒரு ரூபாய் குறையும்' என்று சொல்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. சட்டத்தில் அதற்குத் தொகையைப்போல மூன்று மடங்குவரை அபராதம் இருக்கிறது. கள்ள நோட்டு வந்தால் திருப்பிக் கேட்க ஆளும் கிடைக்காது. பில் இருந்தால் திரும்பி வந்து மிச்சத்தை மாற்றுவதும் எளிது.

விமான நிலையத்தில் விலை அவ்வளவு ஏறுவதற்குப் பேராசை மட்டும் காரணமில்லை. அங்கே கடை போட ஏலத்தில் பெரிய தொகை ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு, அல்லது வருமானத்தில் இவ்வளவு பங்கு என்று விமான நிலையத்துக்குக் கட்ட வேண்டும். இரவு முழுக்க ஆள் போட வேண்டும். அதைவிட முக்கியமாக, உள்ளே வந்துவிட்ட பயணி வேறு எங்கேயும் போக முடியாது. அவசரத்தில் நிற்கிறவரிடம் யார்தான் விலை குறைப்பார்கள்? சில நிறுவனங்களில் ஒரு வசதி இருக்கிறது. இணையத்தில் முந்தின நாளே விலையைப் பூட்டிவிட்டு, விமான நிலையக் கவுண்டரில் போய் வாங்கிக்கொள்ளலாம். அப்போது கவுண்டர் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஊருக்குள் அலைய நேரமே இல்லாதவர்களுக்கு அது பரவாயில்லை.

எல்லா நாட்டு விமான நிலையத்தையும் நம்மூரை வைத்து எடைபோட்டுவிடவும் கூடாது. கொழும்புக்குப் போகிறவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கினால், வெளியேறும் கூடத்தில் வங்கிகளின் கவுண்டர்கள் வரிசையாக நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் போட்டி என்பதால் நகரத்து விலைக்கு அருகிலேயே கிடைக்கும். பாங்காக்கின் சுவர்ணபூமியில் இன்னொரு வேடிக்கை. பயணிகள் வெளியே வரும் தளத்தில் இருக்கும் வங்கிக் கவுண்டர்களில் ஒரு விலை, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நகரத்துக்கு ரயில் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சூப்பர்ரிச் போன்ற கடைகளில் வேறு விலை. இரண்டு தளம் இறங்கி நடந்ததற்குக் கிடைக்கும் பாட் ஒரு குடும்பத்தின் முதல் நாள் சாப்பாட்டுக்கு ஆகும்.

இரண்டு முறை மாற்றுவது நஷ்டமா?

ரூபாயை நேராக அந்த நாட்டுப் பணமாக மாற்றினால் ஒரு தடவை நஷ்டம், டாலராக்கி அங்கே போய் மறுபடி மாற்றினால் இரண்டு தடவை நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும். போட்டுப் பார்த்தால் பல நாடுகளுக்குக் கணக்கு தலைகீழாக வரும்.

டாலர் 90 ரூபாய், ஒரு டாலருக்கு 26,000 டாங் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு ரூபாய்க்கு நியாயமாக 288 டாங்குக்குக் கொஞ்சம் மேலே கிடைக்க வேண்டும். சென்னையில் நேராக டாங் கேட்டால் 255 தருகிறார்கள் என்றால், போனது கிட்டத்தட்ட 12 சதவீதம். மாறாக, சென்னையில் டாலரை 91.20-க்கு வாங்குகிறீர்கள், அது 1.3 சதவீதம் அதிகம். ஹனோயில் அந்த டாலரை 25,870-க்குக் கொடுக்கிறீர்கள், அரை சதவீதம் குறைவு. இரண்டும் சேர்ந்து இரண்டு சதவீதம்கூட வரவில்லை. நெரிசலான இரண்டு சந்தைகளில் இரண்டு முறை மாற்றுவது, ஆளில்லாத ஒரு சந்தையில் ஒரு முறை மாற்றுவதைவிட மலிவு. டாலருக்குச் சென்னையிலும் போட்டி இருக்கிறது, ஹனோயிலும் இருக்கிறது. டாங்குக்குச் சென்னையில் போட்டி இல்லை.

இதை எந்த நாட்டுக்கும் நீங்களே செய்து பார்க்கலாம். கடைசியில் ஒரு ரூபாய்க்கு அந்த நாட்டுப் பணம் எவ்வளவு கையில் வருகிறது என்ற ஒரே எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். நடுவில் எத்தனை தடவை மாறியது என்பது முக்கியமே இல்லை. வியட்நாம், இந்தோனேசியா, இலங்கை, துருக்கி, எகிப்து என்றால் டாலர் வழிதான் பெரும்பாலும் ஜெயிக்கும். சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, பிரிட்டன் என்றால் ஊரிலேயே நேராக வாங்கிவிடலாம். தாய்லாந்து நடுவில் இருக்கிறது. சென்னையில் பாட் நல்ல விலைக்குக் கிடைக்கிற நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு, அதனால் கேட்டுப் பார்த்துவிட வேண்டும். துபாய்க்கு எந்த வழியில் போனாலும் பெரிய வித்தியாசம் வராது. திர்ஹாமை 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைத்திருக்கிறார்கள். அங்கே டாலரை மாற்றுவதில் பறிபோக அதிகம் இல்லை.

டாலர் கொண்டுபோனால் தாளின் அழகும் விலையைத் தீர்மானிக்கும். தென்கிழக்கு ஆசியக் கடைகளில் 100 டாலர் தாளுக்கு ஒரு விலை, 20-க்கும் 10-க்கும் அதைவிடக் குறைந்த விலை, 1 டாலருக்கு அதைவிடவும் குறைவு என்று பலகையிலேயே போட்டிருப்பார்கள். மடிப்பு, கிழிசல், பேனாக் கீறல், ரப்பர் ஸ்டாம்பு இருந்தால் சில இடங்களில் தொடவே மாட்டார்கள். ஊரில் வாங்கும்போதே ஒவ்வொரு தாளையும் பார்த்து வாங்குங்கள். 2013 அக்டோபரில் வந்த, நீலப் பட்டை ஓடும் புது 100 டாலர் தாளாகக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அங்கே போய் எங்கே மாற்றுவது என்பதிலும் கவனம் வேண்டும். வியட்நாமில் நகைக்கடைகள் காலங்காலமாக டாலர் மாற்றித் தருகின்றன, விலையும் நன்றாக இருக்கும். ஆனால் 2018-இல் கான் தோ நகரத்தில் வெறும் 100 டாலரை நகைக்கடையில் மாற்றிய ஒரு தொழிலாளிக்கு 9 கோடி டாங் அபராதம் விதித்தார்கள். அவர் மாற்றிய பணத்தைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு. நாடே கொந்தளித்தது, பிறகு அவருக்கு விலக்கு கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு சட்டத்தையும் தளர்த்தினார்கள். நகைக்கடைக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மாற்றுவது நல்லது. பாலியில் வேறு மாதிரி. சந்துக் கடையில் சந்தை விலையைவிடவே அதிகம் தருவதாகப் பலகை இருக்கும். மேசைமேல் சின்னச் சின்ன ருப்பியா நோட்டுகளாக அடுக்கி, உங்கள் கண்முன் எண்ணி, கடைசியாக ஒருமுறை 'சரிபார்க்க' வாங்கும்போது சில தாள்கள் மேசைக்குப் பின்னால் விழுந்துவிடும். சந்தை விலையைவிட அதிகம் தருகிற கடை தர்மத்துக்கு நடப்பதில்லை. நீங்கள் கடைசியாக எண்ணிய கட்டு உங்கள் கையை விட்டுப் போகவே கூடாது.

சிங்கப்பூர் நமக்குச் சொந்த ஊர் மாதிரி, பணம் மாற்றுவதிலும். ராஃபிள்ஸ் பிளேசுக்கும் காலியர் கீக்கும் நடுவே இருந்த சேஞ்ச் ஆலி என்ற சந்தில் நாணயம் மாற்றியவர்களில் தமிழ் முஸ்லிம்கள் நிறையப் பேர். கப்பலில் வந்திறங்கிய மாலுமிகளும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அவர்களிடம்தான் மாற்றுவார்கள். அந்தச் சந்து 1989-இல் மூடப்பட்டுவிட்டது. தொழில் மட்டும் கை மாறாமல் இன்றும் நகரமெங்கும் தொடர்கிறது. லிட்டில் இந்தியாவில் முஸ்தஃபா என்ற பெரிய கடையைச் சுற்றியுள்ள கடைகளில் இந்திய ரூபாயையும் தயங்காமல் எடுத்துக்கொள்வார்கள், காரணம் மறுபடியும் அதே சரக்குக் கணக்குதான். ஊருக்குப் போகிறவர்களுக்கு அங்கே ரூபாய் வேண்டும். இந்தியாவை விட்டுப் போகும்போது ஆளுக்கு 25,000 ரூபாய் வரை கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்கிறது. ஊரில் நல்ல விலை கிடைக்காவிட்டால் அந்த ரூபாயை அங்கே கொடுத்துக்கூடப் பார்க்கலாம். இந்த வசதியை வியட்நாமில் எதிர்பார்க்காதீர்கள். பாங்காக்கில் ரூபாயை வாங்குவார்கள், ஆனால் டாலருக்குக் கொடுக்கும் நெருக்கமான விலையைக் கொடுக்கமாட்டார்கள்.

சரி, எப்போது?

ரூபாய் முதல் முறையாக டாலருக்கு 80-ஐத் தொட்டது 2022 ஜூலையில். 90-ஐத் தாண்டியது 2025 டிசம்பரில். மூன்றரை ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் 12.5 சதவீதம். சராசரியாகப் பார்த்தால் மாதத்துக்கு 0.3 சதவீதம்தான் வருகிறது. அதாவது, ஒரு மாதம் முன்கூட்டி வாங்கியவருக்குச் சராசரி லாபம் 70,000 ரூபாய்க்கு 210 ரூபாய். நல்ல கடையைத் தேடிப் போக ஆகும் ஆட்டோ காசு.

சராசரி ஏமாற்றும் என்பதும் உண்மைதான். 2013 மே மாதத்தில் 55 ரூபாய்க்கு அருகில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28-இல் 68-ஐத் தாண்டியது. அந்தக் கோடையில் காத்திருந்தவர்கள் அடி வாங்கினார்கள். ஆனால் அப்படிப்பட்ட மாதம் எப்போது வரும் என்று வங்கிகளின் கருவூலத்தில் இருப்பவர்களுக்கே தெரியாதபோது, வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பிச் செயல்படுவதில் பொருள் இல்லை. திசை தெரியாதபோது பாதியை இப்போதும் மீதியைக் கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பும் வாங்கலாம். விலை கூடினால் பாதி தப்பியது, குறைந்தால் பாதிக்கு லாபம். இதனால் பணம் மிச்சமாகும் என்று சொல்லமாட்டேன், மன உளைச்சல் மிச்சமாகும். தொகை ஐம்பதாயிரத்துக்குள் என்றால் இந்தப் பிரிவினைகூட வேண்டாம், ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். பிள்ளையின் படிப்புக் கட்டணம் மாதிரி பல லட்சம் கட்டுகிறவர்கள்தான் தவணையாகப் பிரித்து வாங்குவது பற்றி உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

மிக முன்னதாக வாங்கி வைப்பதற்கும் வரம்பு இருக்கிறது. வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை 60 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி.

கிழமை பார்க்கலாம், அதில் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது. சனி, ஞாயிறில் வங்கிகளுக்கிடையே வியாபாரம் கிடையாது. திங்கள் காலை விலை எங்கே திறக்கும் என்று தெரியாததால் கடைக்காரர் பாதுகாப்புக்குப் பத்து இருபது பைசா சேர்த்தே சொல்வார். வேலை நாளில், காலைப் பரபரப்பு அடங்கிய பிறகு, பதினொரு மணிக்கு மேல் கேட்டால் சந்தையை ஒட்டிய விலை கிடைக்கும். தீபாவளி, பள்ளி விடுமுறை, ஆண்டிறுதி போன்ற காலங்களில் சிங்கப்பூர் டாலருக்கும் பாட்டுக்கும் கடைகளில் தட்டுப்பாடு வரும். உலகச் சந்தையில் விலை அசையாதபோதும் நம்மூர்க் கடையில் ஏறும். விடுமுறைக்குப் போகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தத் தட்டுப்பாடுதான்.

இத்தனை நேரம் சொன்னதெல்லாம் சாதாரண நாடுகளுக்கு. நெருக்கடியில் இருக்கும் நாட்டுக்குப் போகிறவர்களுக்குக் காலம்தான் எல்லாம். இலங்கையில் 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டாலர் 200 இலங்கை ரூபாய்க்கு அருகில் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. வெளியே, அனுமதியில்லாமல் பணம் மாற்றும் உண்டியல்காரர்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் 7-இல் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் டாலர் 350-ஐத் தாண்டிவிட்டது. பிப்ரவரியில் முன்யோசனையோடு இலங்கை ரூபாய் வாங்கி வைத்திருந்தவர் மதிப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இழந்தார். எகிப்தில் 2024 மார்ச் 6 அன்று ஒரே நாளில் டாலர் 31 பவுண்டிலிருந்து 50 பவுண்டுக்குப் பக்கம் போனது. அர்ஜென்டினாவில் 2023 டிசம்பரில் பெசோவின் அரசு மதிப்பை ஒரே அறிவிப்பில் பாதிக்கும் கீழே இறக்கினார்கள். இந்த மூன்றிலும் விழுவதற்கு முன்பு ஒரே அடையாளம்தான் தெரிந்தது. அரசு விலை ஒன்று, தெரு விலை ஒன்று என்று இரண்டு விலை, நடுவில் அகலமான பள்ளம். போகிற நாட்டில் அப்படி இரண்டு விலை இருப்பதாகச் செய்தி வந்தால், டாலரோடு போய், அங்கே மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது மாற்றுங்கள். தெரு விலையில் மாற்றுவது பெரும்பாலான நாடுகளில் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கார்டு இருக்க, தாள் எதற்கு?

நியாயமான கேள்வி. சாதாரண இந்திய கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால், சந்தை விலைக்கு நெருக்கமான விசா, மாஸ்டர்கார்டு விலையின்மேல் வங்கி பெரும்பாலும் 3.5 சதவீதம் போடும். அதற்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13 சதவீதம். ஊருக்குள் பேரம் பேசி வாங்கிய தாளைவிட இது அதிகம், விமான நிலையத் தாளைவிடக் குறைவு. இந்தக் கூடுதல் கட்டணமே இல்லாத கார்டுகள் இப்போது சில இருக்கின்றன. அது கையில் இருந்தால் ஹோட்டலுக்கும் பெரிய கடைக்கும் அதைவிட மலிவான வழி இல்லை. 2020 முதல் புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அடைத்தே வருகிறது, கிளம்புவதற்கு முன் செயலியில் திறந்துவிட வேண்டும்.

கடையில் கார்டைக் கொடுத்ததும் இயந்திரம் ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்கும். நம்ம ரூபாய், நமக்குப் புரிகிற கணக்கு என்று ரூபாயைத் தொட்டுவிடாதீர்கள். அந்த மாற்று விலையைத் தீர்மானிப்பது அந்தக் கடையின் வங்கி, அதில் பல சதவீதம் ஏற்றியிருப்பார்கள். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், அங்கேயும் இதே பதில். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் எடுப்பதால், சின்னச் சின்னதாக எடுத்தால் கட்டுப்படியாகாது.

ஃபாரெக்ஸ் கார்டில் விலையைப் பூட்டி வைக்கலாம் என்பது வசதி. ஆனால் டாலர் ஏற்றிய கார்டை பாட்டிலோ ரிங்கிட்டிலோ தேய்த்தால் இன்னொரு மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். எந்த நாட்டுக்கோ அந்த நாட்டுப் பணத்தையே ஏற்ற முடிந்தால் மட்டும் அது லாபம். யுபிஐ சிங்கப்பூரிலும் துபாயிலும், 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் சில கடைகளில் ஓடுகிறது. ஓடுகிற இடத்தில் பயன்படுத்தலாம், அதை நம்பியே கிளம்ப வேண்டாம்.

ஆகவே தாளாக எவ்வளவு என்றால், நாடு பார்த்துச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கோபித்தியாம் என்கிற காப்பிக் கடைகள், கோயில் உண்டியல், பழைய சந்தைகள் தவிர எங்கும் கார்டு போதும். 1,000 வெள்ளி எடுத்துப்போகிற குடும்பம் உண்மையில் 400-ஓடு போயிருக்கலாம். வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் தெருச் சாப்பாடு, சின்ன விடுதி, டாக்ஸி எல்லாம் தாள்தான். இறங்கியதும் முதல் நாள் செலவுக்கு வேண்டியதை மட்டும் விமான நிலையத்தில் மாற்றிக்கொண்டு, மீதியை நகரத்துக்குப் போய் மாற்றுங்கள்.

மிஞ்சுகிற பணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. திரும்பி வந்து மாற்றும்போது கடைக்காரரின் வாங்கும் விலைதான் கிடைக்கும், இடைவெளியின் மறுபாதியும் அப்போது போகும். டாங், ருப்பியா போன்றவற்றை நம்மூரில் பல கடைகளில் வாங்கவே மாட்டார்கள். அதை அந்த நாட்டிலேயே கடைசி நாளில் செலவழித்துத் தீர்ப்பதோ டாலராக மாற்றிக்கொள்வதோ நல்லது, முன்பு மாற்றிய ரசீதை அங்கே அவர்கள் கேட்கக்கூடும், பத்திரமாக வைத்திருங்கள். டாலரும் வெள்ளியும் மிஞ்சினால் அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. 2,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை அடுத்த பயணத்துக்கென்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதற்கு மேல் இருப்பதைத்தான் வந்து 180 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நாணயங்களுக்கு அந்த வரம்புகூடக் கிடையாது, ஆனால் அவற்றைக் கடைகள் பெரும்பாலும் எடுப்பதில்லை. கடைசி நாள் காலைக் காப்பிக்கு முதலில் நாணயங்களைக் கொட்டிவிட்டு, போதாததற்குத் தாள் கொடுங்கள்.